மட்டக்களப்புப் பக்கம் நல்ல குரோசண்ட் தேடிப் பிடிப்பது எப்படி

குரோசண்ட் என்பது மாவுக்குள் பட்டரைப் படை படையாக மடித்துச் சுடுகிற பிரெஞ்சுப் பண்டம். அதைத் தேடிப் போகிற பேக்கரியில் முதலில் ஒரு மீன் பேஸ்ட்ரி வாங்குங்கள். மரக்கறி பேஸ்ட்ரி என்றாலும் சரி. அந்தப் பேஸ்ட்ரியை நடுவால் பிய்த்துப் பாருங்கள். மேலிருந்து கீழ் வரை தாள் தாளாகப் பிரிந்தால் அந்த இடத்தில் மாவை மடிக்கத் தெரிந்த கை ஒன்று இருக்கிறது. மேல்தோல் மட்டும் உடைந்து, உள்ளுக்கு மா களியாகக் கிடந்தால் அங்கே குரோசண்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம், பாணை வாங்கிக்கொண்டு வாருங்கள். இரண்டுக்கும் அடிப்படை வேலை ஒன்றுதான்: மாவைத் தட்டி, நடுவில் கொழுப்பை வைத்து மூடி, திரும்பத் தட்டி, மடித்து, ஆறவிட்டு, மறுபடியும் தட்டி மடிப்பது. பேஸ்ட்ரியைத் தூக்குவது உள்ளே எழும்பும் நீராவி மட்டும். குரோசண்டில் ஈஸ்டும் சேருகிறது, அதனால் பேஸ்ட்ரியை விடப் பல மடங்கு கவனம் வேண்டும். சின்ன வேலை சரிவராத இடத்தில் பெரிய வேலை சரிவராது.

எங்கள் பக்கத்தில் இது ஏன் இவ்வளவு அரிதாகக் கிடைக்கிறது என்பது விளங்கினால் தேடுவது பாதி சுகமாகிவிடும். குரோசண்டின் உயிர் பட்டர். மூன்று தரம் மும்மடிப்பாக மடித்தால் மாவுக்குள் 27 பட்டர்ப் படைகள் வரும். அந்தப் படைகள் ஒன்றோடொன்று கலக்காமல் கடைசிவரை தனித்தனியாக நிற்க வேண்டும். அதற்கு மடிக்கும்போது பட்டர் சுமார் 13 முதல் 16 பாகை செல்சியஸ் வரைக்குள் இருக்க வேண்டும். அதைவிடக் குளிர்ந்தால் துண்டு துண்டாக வெடிக்கும், சூடானால் மாவுக்குள் ஊறிவிடும். வடிவம் பிடித்த பிறகு பொங்கவைக்கிற சூடும் 24 முதல் 27 பாகை அளவில் இருந்தால்தான் நல்லது. மட்டக்களப்பில் பெரும்பாலான மாதங்களில் பகலில் வெளியில் 30 பாகைக்கு மேல், பேக்கரிக்கு உள்ளே போறணைப் பக்கத்தில் நின்றால் சொல்லவே தேவையில்லை. பட்டர் 32 பாகை தாண்டும்போதே உருகி ஓடத் தொடங்கிவிடும். ஆகவே நல்ல குரோசண்ட் செய்கிறவர்களிடம் ஏதோ ஒரு குளிர் ஏற்பாடு கட்டாயம் இருக்கும்: ஏசி போட்ட சின்ன அறை, பெரிய பிரிஜ், அல்லது ஊர் உறங்குகிற நேரத்தில் மா மடிக்கிற பழக்கம். கண்ணாடிப் பெட்டியின் அழகையும் கடைக்கு முன்னால் தொங்குகிற மின்குமிழ்களையும் விட்டுவிட்டு, உள்ளே மா எங்கே மடிக்கப்படுகிறது என்பதைத்தான் தேட வேண்டும்.

இந்தச் சூட்டுப் பிரச்சினைக்குப் பல பேக்கரிகள் கண்டுபிடித்த வழி பேஸ்ட்ரி மாஜரின், பட்டருக்குப் பதிலாக மடிக்கிற ஒரு கொழுப்பு. அது உருகுகிற சூடு பட்டரை விடக் கூட, பெரும்பாலும் 40 பாகைக்கு மேல். மடிக்க லேசு, படைகளும் வடிவாகப் பிரியும், படம் எடுத்தால் பட்டரில் செய்ததை விட நன்றாகவே இருக்கும். ஆனால் வாயில் அது உருகாது, உடம்புச் சூடே 37 பாகைதானே. சாப்பிட்டு முடித்த பிறகு அண்ணத்தில் ஒரு படலம் ஒட்டிக்கொண்டு நிற்கும், நாக்கால் தடவினாலும் போகாது. இதைப் பிடிக்க வேண்டுமென்றால் பிளேன்டியைப் பிறகு குடியுங்கள், ஏனென்றால் சுடுதேத்தண்ணி அந்தப் படலத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடும், உங்களுக்கு ஒன்றும் பிடிபடாது. முதல் இரண்டு கடி வெறும் வாயில், வேண்டுமானால் பச்சைத்தண்ணி ஒரு மிடறு.

கடைக்குப் போகாமலே செய்யக்கூடிய கணக்கு ஒன்றும் இருக்கிறது. ஒழுங்கான குரோசண்ட் ஒன்றில் சுமார் 17 முதல் 20 கிராம் பட்டர் இருக்கும். அதாவது 200 கிராம் பட்டர்க் கட்டி ஒன்றில் பத்துப் பன்னிரண்டு குரோசண்டுக்கு மேல் வராது. உங்கள் தெருக் கடையில் அந்தக் கட்டி என்ன விலை என்று பார்த்துப் பத்தால் பிரியுங்கள். வருகிற தொகை பட்டருக்கு மட்டும். மா, பால், கூலி, கரண்ட் எல்லாம் அதற்கு மேல். பேக்கரிக்காரர் மொத்தமாக வாங்குவார், கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். அப்படிக் கழித்தும் அந்தத் தொகையைவிடக் குறைந்த விலைக்கு ஒருவர் பட்டர் குரோசண்ட் விற்றால் அதில் பட்டர் இல்லை. மறுபக்கம், கூடிய விலை போட்டிருப்பதனால் பட்டர் இருக்கிறது என்றும் அர்த்தமில்லை. அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. "நல்லா இருக்குமா?" என்று கேட்டால் உலகத்தில் எந்தக் கடைக்காரரும் இல்லை என்று சொல்லமாட்டார். அவர் உண்மையாகப் பதில் சொல்லக்கூடிய கேள்வியைக் கேளுங்கள். காத்தான்குடியிலோ கல்முனையிலோ என்றால், "நானா, இது பட்டர்லயா மாஜரின்லயா செய்யிறீங்க?" கல்லடிப் பக்கம் என்றால், "அண்ணன், இது எத்தனை மணிக்கு இறக்கினது?" மரியாதையாக, ஆர்வத்தோடு கேட்டால் பெரும்பாலும் உள்ளதைச் சொல்வார்கள், மாஜரின் என்றால் மாஜரின் என்றே சொல்வார்கள், அதில் அவர்களுக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. மூன்றாவது கேள்வி: "இங்கேயே மடிக்கிறீங்களா, இல்ல ஐஸ் ஆக்கினதை எடுத்துச் சுடுறீங்களா?" உறைய வைத்து வருவதை வாங்கிச் சுடுவது ஹோட்டல்களில் உலகம் முழுக்க நடக்கிற விஷயம். அது குற்றமில்லை. நல்ல தொழிற்சாலையில் பட்டரில் மடித்து உறைய வைத்ததை ஒழுங்காகப் பொங்கவைத்துச் சுட்டால், சூட்டு அறையில் கஷ்டப்பட்டு மடித்ததை விட அது நன்றாக இருக்கும்.

எங்கே தேடுவது? பட்டணத்திலும் கரையோர ஊர்களிலும் இருக்கிற வழமையான பேக்கரிகள் பாணுக்கும் பணிஸுக்கும் கட்டப்பட்டவை, அவர்களின் போறணை நேரம், ஆள், சூடு எல்லாம் அதற்குத்தான். அங்கே குரோசண்ட் என்று வைத்திருப்பது அனேகமாகப் பிறை வடிவத்தில் சுருட்டிய இனிப்புப் பாண். அதைச் சாப்பிட்டுவிட்டு ஏமாந்தேன் என்று சொல்லாதீர்கள், கிம்புலா பணிஸ் எங்கள் நாட்டில் எவ்வளவு காலமாக அதே சுருட்டலோடு, மேலே சீனி தூவி, அழகாக நிற்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். குரோசண்டின் மூதாதை ஒஸ்திரியாவின் கிப்ஃபெல் என்கிற பிறை வடிவ ரொட்டி. ஓகஸ்ட் சாங் என்கிற ஒஸ்திரியர் 1830களின் கடைசியில் பாரிஸில் வியன்னா பாணியில் ஒரு பேக்கரி திறந்த பிறகுதான் அது பிரான்சில் பரவியது. படை படையாக மடிக்கிற இன்றைய முறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. அப்படிப் பார்த்தால் கிம்புலா அந்தப் பழைய ரொட்டிக்குத்தான் கிட்டிய சொந்தம். அதை அதற்காகவே வாங்கிச் சாப்பிடுங்கள்.

உண்மையான குரோசண்டுக்கு இரண்டு பக்கம் பார்க்கலாம். வடக்கே பாசிக்குடா ஹோட்டல்கள்: காலைச் சாப்பாட்டு மேசைக்குச் சுடுவார்கள், வெளியாட்களுக்கு விற்பார்களா என்பதைத் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். தெற்கே பொத்துவில், அறுகம்பை. மட்டக்களப்பில் இருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல், குரோசண்டுக்காக மட்டும் போகிற தூரமில்லை, ஆனால் அந்தப் பக்கம் வேறு வேலை இருந்தால் ஓர் இரவு தங்கிவிட்டு விடியப் பாருங்கள். அலைச் சறுக்குக்கு வருகிற வெளிநாட்டு ஆக்கள் விடிய எழும்பித் தேடுவது கோப்பியும் இதுவும்தான், அதனால் அங்கே கேட்டு வாங்குகிற கூட்டம் இருக்கிறது, கேட்கிற கூட்டம் இருந்தால் செய்கிறவரின் கை திருந்தும். மே முதல் செப்டெம்பர் வரையான சீசனில் போங்கள், மற்ற மாதங்களில் பல கடைகள் பூட்டிக் கிடக்கும். அம்பாறை நகரத்திலும் அக்கரைப்பற்றிலும் புதிதாகத் திறக்கிற கேக் கடைகளையும் விடாமல் எட்டிப் பாருங்கள், வீட்டில் இருந்து கேக் செய்து விற்கிற பெண்களையும்தான். அவர்களில் சிலரிடம் ஏசி அறையும் பொறுமையும் இருக்கும், வழமையான பேக்கரியில் அனேகமாகக் கிடைக்காத இரண்டு பொருட்கள் அவை.

காலமும் கணக்கில் வர வேண்டும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் ஏசி இல்லாத இடத்தில் பட்டர் மடிப்பு நடக்கவே நடக்காது. ஆனால் ஒழுங்கான குளிர் அறை உள்ள கடையில் செய்தது அந்த வரண்ட காற்றில் மொறுமொறுப்பாக நிற்கும். மாரியில் இது தலைகீழ்: மா மடிக்க நல்ல குளிர்ச்சி, ஆனால் மழை ஈரத்தில் வெளித்தோல் கொஞ்ச நேரத்திலேயே தளர்ந்துவிடும். எந்தக் காலமானாலும் போறணையில் இருந்து இறக்கி மூன்று நான்கு மணித்தியாலத்துக்குள் சாப்பிட வேண்டும். பின்னேரம் ஐந்து மணிக்குப் போய்க் காலையில் சுட்டதை வாங்கிவிட்டு அந்தக் கடையைக் குறை சொல்வது நியாயமில்லை. இறக்கின உடனேயும் வேண்டாம், ஓர் அரை மணித்தியாலம் ஆறட்டும், உள்ளே படைகள் இறுகி நிற்க அந்த நேரம் தேவை.

கையில் எடுத்ததும் முதலில் நிறம். வெளிர் மஞ்சள் என்றால் அவசரமாக எடுத்திருக்கிறார்கள். நல்ல கபில நிறம், மடிப்பு ஓரங்களில் இன்னும் கொஞ்சம் கடுமை, அதுதான் வேண்டும். பருமனுக்கு ஏற்ற பாரம் இருக்கக்கூடாது, தூக்கும்போது எதிர்பார்த்ததை விட லேசாக இருக்க வேண்டும். கீழ்ப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். உலர்ந்து, சிவந்து இருந்தால் நல்லது. எண்ணெயில் பொரித்தது மாதிரி மினுங்கினால் பொங்கும்போதோ சுடும்போதோ பட்டர் வெளியே ஓடிவிட்டது, ஓடின பட்டர் உள்ளே இல்லை. மணந்தால் பட்டரும் கொஞ்சம் பாலும் மணக்க வேண்டும், புளித்த கள் வாசம் அடித்தால் அளவுக்கு மீறிப் பொங்கிவிட்டது. மீன் ரோல்ஸ் பக்கத்தில் ஒரே பெட்டியில் வைத்திருந்தால் அந்த வாசமும் ஏறியிருக்கும், பட்டர் எதையும் இழுத்துக்கொள்ளும்.

பிறகு கத்தியால் வெட்டாமல் கையால் பியுங்கள். மேல்தோல் சத்தத்தோடு உடைந்து மடியெல்லாம் பொருக்குக் கொட்ட வேண்டும், உள்ளே பஞ்சு இழுபடுகிற மாதிரி நீளமாக இழுபட்டு வர வேண்டும். உள்ளே சின்னதும் பெரிதுமாகக் கண்ணறைகள், அவற்றின் சுவர் மெல்லிசாக, வெளிச்சத்தில் கொஞ்சம் மினுங்கினால் நீங்கள் தேடி வந்த பொருள் அதுதான். பாண் மாதிரி ஒரே சீராக அடைந்திருந்தால் பட்டர் மாவுக்குள் கலந்துவிட்டது. மேலே ஒரு பெரிய குகை, கீழே ஈரமான, வேகாத மாக் கோடு என்றால் பொங்க நேரம் கொடுக்கவில்லை. அகலமாகப் பரந்து தட்டையாகக் கிடந்தால் பொங்கின இடம் சூடு கூடிப்போயிற்று.

முதல் தரம் வெறும் குரோசண்ட்தான் வாங்க வேண்டும். சொக்லட் ஊற்றினது, சீனிப்பாகு பூசினது, சீஸும் கோழியும் வைத்தது எல்லாம் பிறகு. பாதாம் வைத்ததைக் கொண்டு ஒரு கடையை அளக்கவே முடியாது, ஏனென்றால் பிரான்சிலேயே அது முதல் நாள் மிஞ்சினதைப் பாகில் நனைத்துத் திரும்பச் சுடுகிற பண்டம். சுவையாக இருக்கும், ஆனால் கை எப்படி என்று சொல்லாது.

இவ்வளவும் பார்த்தும் ஊரில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், நான் மனதாரச் சொல்வது இதைத்தான்: பேஸ்ட்ரி நன்றாகச் செய்கிற ஒருவரைப் பிடித்துக் கதையுங்கள். நாலு வீடு சேர்ந்து, சனிக்கிழமை விடிய ஒரு தட்டு, பட்டர் மட்டும், என்ன விலை வருமோ அதைத் தருகிறோம், முற்பணமும் தருகிறோம் என்று சொல்லுங்கள். எங்கள் பேக்கரிக்காரர்களுக்குக் கை இல்லாமல் இல்லை. இரவு முழுக்க நின்று பாண் போடுகிற மனிதர், விற்குமா என்று தெரியாத ஒன்றுக்கு அவ்வளவு பட்டரை ஏன் கொட்ட வேண்டும்? விற்கும் என்று தெரிந்தால் செய்து பார்ப்பார். முதல் தட்டு சரிவராது, இரண்டாவதும் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும், காசைக் கொடுத்து வாங்குங்கள், என்ன குறை என்று மேலே சொன்னபடி பிய்த்துக் காட்டிச் சொல்லுங்கள். மா மடிக்கிற வேலையை நள்ளிரவுக்குப் பிறகு வைக்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு மடிப்புக்கும் இடையில் அரை மணித்தியாலமாவது பிரிஜில் வைக்கச் சொல்லுங்கள், உருட்டுகிற பலகையைக்கூடக் குளிரவைத்தால் வித்தியாசம் தெரியும்.

வாங்கின பிறகு கடதாசிப் பையில் கொண்டுவாருங்கள். பொலித்தீன் பையில் கட்டினால் வீடு வருவதற்குள் தோல் நனைந்துவிடும், ஓட்டோவில் கல்லடிப் பாலம் தாண்டுவதற்குள்ளேயே நனையும். சூடாக்க மைக்ரோவேவ் வேண்டாம், அது ரப்பராக்கிவிடும். ஓவனோ எயார் பிரையரோ இருந்தால் 160 பாகையில் நாலைந்து நிமிடம், இல்லாவிட்டால் கனமான தோசைக்கல்லில் மிகச் சிறு நெருப்பில் மூடாமல் திருப்பித் திருப்பி. கூட வாங்கியிருந்தால் அடுத்த நாளுக்கு வெளியே வைக்காதீர்கள், அன்றைக்கே நன்றாக ஆறவிட்டு, காற்றுப் போகாமல் சுற்றிப் பிரீஸரில் போட்டுவிடுங்கள். வேண்டிய நாளில் உறைந்தபடியே எடுத்து அதே சூட்டில் எட்டுப் பத்து நிமிடம் வையுங்கள்.