செவிப்புலவியல் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பி.ஏ.எஸ்.எல்.பி. (செவிப்புலவியல், பேச்சு-மொழி நோயியல் பட்டப்படிப்பு) மாணவர்கள் பரிசோதனை அறைக்குள் வரத் தொடங்கும் ஒவ்வோர் ஆண்டும், எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகள் திரும்பவும் நடப்பதைக் காண்கிறேன். குறும்பி அடைத்த காதில் ஹெட்போனை மாட்டுவது, வலது இடதை மாற்றி மாட்டுவது போன்றவற்றை மேற்பார்வையாளர் அன்றே திருத்திவிடுவார், அவற்றை விட்டுவிடுகிறேன். யார் கண்ணிலும் படாமல் நோயாளியின் கோப்போடு வெளியே போய்விடும் தவறுகளைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

மாஸ்கிங் செய்யாமல் ஆடியோகிராமை முடிப்பது

ஆடியோகிராம் என்பது கேள்திறனைக் காட்டும் வரைபடம்; மாஸ்கிங் என்பது, ஒரு காதைச் சோதிக்கும்போது மறு காது குறுக்கிடாதபடி அதில் இரைச்சல் கொடுப்பது. காற்றுவழிச் சோதனையில் ஹெட்போன் வழியாக ஒரு காதுக்குக் கொடுக்கும் ஒலி அந்தக் காதோடு நின்றுவிடுவதில்லை. ஏறத்தாழ 40 டெசிபல் அளவை எட்டியதும் அது மண்டையோட்டின் வழியே மறு காதைச் சென்றடையக்கூடும். எலும்புவழிச் சோதனையிலோ இடையில் தடையே இல்லை என்றுதான் கொள்ள வேண்டும்; வலது காதின் பின்னெலும்பில் வைத்த அதிர்வி இரண்டு உட்செவிகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் தூண்டும். ஆகவே முற்றிலும் கேளாத காதைச் சோதிக்கும்போதும், நல்ல காதில் ஒலி விழுந்து நோயாளி கையை உயர்த்துவார். காற்றுவழிக் கோடு 50, 60 டெசிபலிலும் எலும்புவழிக் கோடு இயல்பான அளவிலும் அமைந்து, நடுச்செவியில்தான் சிக்கல், அறுவை சிகிச்சையால் சரியாகலாம் என்று நம்பவைக்கும் பொய்யான படம் ஒன்று கிடைத்துவிடும்.

அப்படிப்பட்ட படத்தோடு ஒரு சிறுமியை என்னிடம் அழைத்து வந்தார்கள். வேறோர் இடத்தில் பயிற்சி மாணவர் ஒருவர் எடுத்த ஆடியோகிராம் அது. வலது காதில் கடத்தல் வகைக் குறைபாடு, அதாவது ஒலி உட்செவிக்குச் சரியாகப் போய்ச் சேராத வகை, என்று எழுதியிருந்தது. செவிப்பறையின் அசைவைக் காட்டும் டிம்பனோகிராம் இயல்பாக இருந்ததால், நடுச்செவியின் அங்கவடி எலும்பு இறுகியிருக்கலாம், திறந்து பார்க்கலாம் என்று மருத்துவர் கூறியிருந்தார். செலவுக்கு நகையை அடகு வைத்தாயிற்று. சிறுமியிடம் பேசியபோது, பொன்னுக்கு வீங்கி வந்து போனதிலிருந்து போனை இடது காதில் மட்டுமே வைப்பதாகச் சொன்னாள். 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி நெற்றியில் வைத்தேன். தயங்காமல் இடது காதைத் தொட்டுக் காட்டினாள். கடத்தல் குறைபாடாக இருந்திருந்தால் ஒலி பழுதான வலது பக்கம் கேட்டிருக்க வேண்டும். இடது காதில் இரைச்சலைக் கொடுத்து மீண்டும் அளந்தபோது, வலது காதில் கருவியின் உச்ச அளவிலும் பதிலில்லை. அந்தக் காதின் நடுச்செவியில் செய்யும் எந்த அறுவை சிகிச்சையும் கேள்திறனைத் திருப்பித் தந்திருக்காது.

இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. மாஸ்கிங் விதியைத் தேர்வில் பிசகில்லாமல் எழுதும் மாணவர்களே, வெளியே வரிசை நீண்டால் அதை விட்டுவிடுகிறார்கள். அளவு என்பது கேட்கத் தொடங்கும் மிகக் குறைந்த ஒலி. சோதிக்கும் காதின் காற்றுவழி அளவுக்கும் மறு காதின் எலும்புவழி அளவுக்கும் 40 டெசிபலோ அதற்கு மேலோ வேறுபாடு இருந்தால் மாஸ்கிங் கட்டாயம். ஒரே காதில் காற்றுவழிக்கும் எலும்புவழிக்கும் இடைவெளி 10 டெசிபலைத் தாண்டினால், எலும்புவழிச் சோதனைக்கும் அது கட்டாயம். “காற்றடிப்பது போன்ற சத்தம் இந்தக் காதில் கேட்கும், அதை விட்டுவிட்டு, ‘பீப்’ சத்தத்துக்கு மட்டும் கையைத் தூக்குங்கள்” என்று முதலில் சொல்லிவிட வேண்டும். பிறகு இரைச்சலைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். அடுத்தடுத்துச் சில படிகள் கூட்டியும் சோதிக்கும் காதின் அளவு நகராமல் நிற்கும் இடமே உண்மையான அளவு. இரண்டு காதிலும் பெரிய கடத்தல் குறைபாடு இருந்தால் இரைச்சலே மறுபக்கம் தாண்டிவிடுவதால் இம்முறை தடுமாறும். அந்நிலையில் எதையாவது நிரப்பி அனுப்பாமல், “உறுதி செய்ய இயலவில்லை” என்று அறிக்கையில் எழுதுங்கள்.

ஒரே தாளத்தில் ஒலி கொடுப்பது

நோயாளி தாளத்துக்குக் கையை உயர்த்துவார், ஒலிக்கு அல்ல.

குழந்தையின் பேச்சைத் தமிழ் எழுத்தில் மட்டும் குறித்துக்கொள்வது

‘பல்’ என்பதிலும் ‘தம்பி’ என்பதிலும் நாம் எழுதுவது ஒரே பகர வரிசை. ஆனால் முன்னதில் குரல்நாண் அதிர்வதில்லை, பின்னதில் அதிர்கிறது. ஒரு குழந்தை இரண்டையும் அதிர்வில்லாமல் ஒலித்தால், ‘தம்பி’ என்று சரியாகச் சொன்னதாகவே உங்கள் குறிப்பு காட்டும். மாதங்கள் கழித்து முன்னேற்றத்தை ஒப்பிட உட்காரும்போது, ஒப்பிடுவதற்கு எதுவும் இருக்காது. ஒவ்வோர் ஒலிக்கும் தனிக்குறி தரும் சர்வதேச ஒலியெழுத்து முதலாண்டுப் பாடத்தோடு முடிந்துவிட்டது என்று எண்ணாமல், ஒலிப்பதிவைக் கேட்டு எழுதிப் பாருங்கள்.

வீட்டில் தமிழை நிறுத்தச் சொல்வது

பேச்சு தாமதமாகும் குழந்தையின் பெற்றோரிடம் அப்படிச் சொல்லாதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வது பேச்சுத் தாமதத்தை உண்டாக்குவதில்லை.

இருமல் இல்லை என்பதால் விழுங்குதல் சரி என்று எழுதுவது

பக்கவாதத்துக்குப் பிறகு, ஓர் இருமல்கூட இல்லாமலே தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்கலாம். ஐயம் இருந்தால், விழுங்குவதை எக்ஸ்ரே காணொளியாகப் பார்க்கும் வீடியோஃப்ளூரோஸ்கோப்பிக்குப் பரிந்துரையுங்கள்.

அங்கீகாரத்தைப் பார்க்காமல் சேர்வது

1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவேட்டில் பெயர் ஏறாமல் இங்கே இத்தொழிலைச் செய்ய முடியாது. கல்லூரிக்கு அந்தக் கழகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா, எந்தக் கல்வியாண்டு வரை இருக்கிறது என்பதைக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.