பழைய காருக்கு வெள்ளைப்பட்டை ரயர்: வாங்கும்போது விடும் பிழைகள்

வன்னியில் மிஞ்சியிருக்கும் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், ஏ40 கார்களில் பல இன்று கல்யாண ஓட்டத்துக்குத்தான் வெளியே வருகின்றன. சில்லில் வெள்ளைப்பட்டை இருந்தால் படத்தில் எடுப்பாக இருக்கும். அதனால் ரயர் தேடுபவர்கள் முதலில் பார்ப்பதும் அந்த வெள்ளையைத்தான். உண்மையில் அதைக் கடைசியாகப் பார்க்க வேண்டும். அளவும் வயதும் சரியாக இருந்தால்தான் நிறத்தைப் பற்றிப் பேச்சு.

"14 இஞ்சி ரிம்" என்று மட்டும் போனில் சொல்லிப் பஞ்சிகாவத்தைக்கு (கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள இடம்) ஓடர் கொடுப்பது வழமையான பிழை. மைனருக்கும் கேம்பிரிட்ஜ் ஏ60க்கும் ரிம் 14 இஞ்சிதான், ரயர் ஒன்றல்ல. மைனருக்கு நைலோன் ரயரென்றால் (நூல் குறுக்கும் மறுக்குமாக ஓடும் பழைய வகை) 5.00-14 அல்லது 5.20-14, ரேடியல் என்றால் 145R14 அல்லது 155/80R14. ஏ60க்கு 5.90-14, ரேடியலில் 165R14 அல்லது 175R14. அளவுக்குப் பின்னால் வரும் சுமை எண்ணையும் கேளுங்கள்: 80 என்றால் ஒரு ரயர் 450 கிலோ தாங்கும், 84 என்றால் 500, 88 என்றால் 560. மாப்பிள்ளை, தோழன், பின்னால் மூன்று பேர் என்று ஏற்றும் கேம்பிரிட்ஜுக்கு மைனரின் ரயரைப் போடக் கூடாது. ஏ40 டெவனுக்கு ரிம் 16 இஞ்சி. 400 மில்லிமீற்றர் ரிம் உள்ள பேஜோ 403 வைத்திருப்பவர்கள் இன்னும் கவனம்: அதற்கு 15 இஞ்சி ரயரும் பொருந்தாது, 16 இஞ்சியும் பொருந்தாது. லீவரால் நெம்பி ஏற்றினாலும் ரயரின் விளிம்பு ரிம்மில் சரியாக உட்காராது.

அடுத்தது வயது. ரயரின் பக்கச் சுவரில் DOT என்று தொடங்கும் குறியின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000க்கு முன் செய்தது. ரயரின் பூ (நிலத்தில் படும் வெட்டு) இன்னும் ஆழமாக இருந்தாலும் தொடாதீர்கள். பழைய காருக்கு வரும் ரயர் ஓடித் தேய்ந்து போவதை விட நின்று காய்ந்து போவதுதான் அதிகம். நமது வெயிலில் அது இன்னும் விரைவு. குறி பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் முழுதாக இருக்கும். ஆகவே இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உள்விளிம்பின் படமும் வேண்டும்: ஒன்றுக்குள் ஒன்றாகத் திணித்து ஏற்றி வந்த ரயர்களில் விளிம்புக் கம்பி வளைந்திருக்கும், பிறகு காற்று நிற்காது.

இனி வெள்ளை. நல்ல வெள்ளைப்பட்டை என்பது ரயரோடு சேர்ந்து வெந்த வெள்ளை ரப்பர். அதன் ஓரத்தில் மெல்லிய வரம்போ பள்ளமோ சீராக ஓடும், நகத்தால் சுரண்டினால் உரியாது. போலிகள் மூன்று வகை. பெயின்ற் அடித்தது: பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்வதால் சில ஓட்டத்திலேயே வெடித்துச் செதிலாகக் கழரும். ரிம்முக்கும் ரயருக்கும் இடையில் செருகும் வளையம்: மலிவு, ஆனால் கிரவல் ரோட்டுக்குச் சற்றும் ஏற்றதல்ல. வளையத்துக்குப் பின்னால் செம்மண்ணும் பொடிக்கல்லும் புகுந்து அரத்தைப் போல சுவரை அராவும், மாரியில் ஈரம் தங்கி ரிம் துருப்பிடிக்கும். ரேடியலின் சுவர் கூடுதலாக நெளிவதால் சேதமும் கூட. மூன்றாவதுதான் ஆபத்து: கறுப்பு ரயரைக் கிரைண்டர் பிடித்து "உள்ளே வெள்ளை இருக்கு" என்று தேடுவது. வெள்ளை எழுத்து உள்ள ரயர்களில் அந்த இடத்தில் உள்ளே வெள்ளை இருக்கும். சாதாரண ரயரில் கிரைண்டருக்கு அகப்படுவது ரயரைத் தாங்கும் நூல்தான். அப்படிச் சீவிய ரயர் ஓட்டத்தில் பக்கத்தால் வெடிக்கும்.

பழைய அளவுகளில் வெள்ளையோடு செய்பவர்களில் அமெரிக்காவின் கோக்கர் பெயர் பெற்றது. வரவழைக்கும் செலவு வலிக்கும். அதற்காக நான்கோடு நிறுத்தாதீர்கள், மேலதிகச் சில்லுக்கும் சேர்த்து ஐந்தாக எடுங்கள். பின்னர் தனியாக ஒன்று வாங்கினால் பட்டையின் அகலம் பொருந்தாமல் போகலாம். அகலம் என்றதும்: 155/80R14இன் சுவர் உயரம் 124 மில்லிமீற்றர், ஏறக்குறைய 5 இஞ்சி. அதில் 3 இஞ்சி வெள்ளை போட்டால் மைனரின் சின்னச் சில்லு பலகாரத் தட்டு மாதிரித் தெரியும். 2 இஞ்சி போதும்.

முன்னால் ரேடியல், பின்னால் நைலோன் என்று கலக்கவே வேண்டாம். வளைவில் பின்பக்கம் வழுக்கும்.

பூட்டும் கடையில் இரண்டு விடயம் சொல்லி வையுங்கள். ஒன்று, பழைய ரிம்களில் விளிம்பைப் பிடித்து நிறுத்தும் மேடு இல்லாததால் ரியூப் போட வேண்டும். போடுமுன் ரயரின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் காகித லேபலை உரித்து, பவுடர் தூவச் சொல்லுங்கள். லேபல் உராய்ந்தே ரியூப் ஓட்டையாகும். மற்றது, விளிம்புக்குக் கிறீஸோ பழைய எண்ணெயோ பூசக் கூடாது, சவர்க்காரத் தண்ணீர் மட்டும்.

புது ரயரின் வெள்ளையில் நீலப் பூச்சு ஒன்று இருக்கும். அது வழியில் கறை படியாமல் காக்கத்தான். பூட்டியவுடன் இளஞ்சூட்டுத் தண்ணீரும் சவர்க்காரமும் மென்மையான பிரஷும் கொண்டு கழுவி விடுங்கள். கழுவாமல் வெயிலில் ஓடவிட்டால் பூச்சு ஊறிப் பிடித்துவிடும்.

பிறகு வரும் மஞ்சள், கபில நிறத்துக்குக் காரணம் பெரும்பாலும் கழுவும் முறைதான். தார் போக்க மண்ணெண்ணெய், பெற்றோல், தின்னர் போட்டால் ரப்பர் ஊதி, கறுப்பிலுள்ள பாதுகாப்பு மருந்து வெள்ளைக்குள் கசியும். மினுக்கப் பூசும் சிலிக்கன் திரவமும் அதே வேலையைச் செய்யும். குளோரின் முதலில் வெளுக்கும், பின்னர் வெடிக்க வைக்கும்.

ஆடியிலும் மார்கழியிலும் ஓட்டமில்லாமல் கார் நிற்கும். அப்போது நான்கு பக்கமும் கட்டை கொடுத்துச் சில்லை நிலத்திலிருந்து எழுப்பி, பக்கச் சுவரில் வெயில் படாமல் சாக்கால் மூடி விடுங்கள்.