ஊட்டிக் குளிரில் இஐஎஃப்4இ ஆன்டிபாடி

எம்ஆர்என்ஏவின் (புரதம் செய்வதற்கான செய்தியைச் சுமக்கும் மூலக்கூறு) முனையிலுள்ள ‘தொப்பி’யைப் பிடித்துப் புரத உற்பத்தியைத் தொடங்கிவைக்கும் புரதம் இஐஎஃப்4இ. எடை சுமார் 25 கிலோடால்டன். வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, மெம்பிரேனுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் கண்டறியும் முறை) இதைப் பிடிக்கும் முயல் பாலிகுளோனல் ஆன்டிபாடியின் (முயலில் உருவான பல ஆன்டிபாடிகளின் கலவை) குறிப்புத்தாளில் ‘அறை வெப்பநிலை’ என்றிருந்தால் 22 முதல் 25 டிகிரி என்று பொருள். ஜனவரிக் காலையில் 12 டிகிரியில் கிடக்கும் ஊட்டி ஆய்வக மேசை அதில் சேராது.

முதலில் சிக்குவது டிரிஸ் பஃபர், அதாவது பிஎச் எனும் அமில-கார அளவை நிலையாக வைக்கும் கரைசல். ஒரு டிகிரி குறைந்தால் பிஎச் ஏறக்குறைய 0.028 கூடும். 12 டிகிரியில் 7.6 என்று சரிசெய்த டிபிஎஸ்டி (டிரிஸ், உப்பு, ட்வீன் சேர்ந்த கழுவும் கரைசல்), 25 டிகிரிக்கு வந்ததும் 7.2 ஆகிவிடும். வெதுவெதுப்பாக்கிய பிறகே பிஎச் பாருங்கள். புரதத்தை விரித்துவிடும் சோப்பான எஸ்டிஎஸ்ஸின் கரைசல் குளிரில் வெள்ளையாக உறையும். 37 டிகிரியில் வைத்துத் தெளிந்ததும் எடுங்கள், கலங்கலாக ஊற்றினால் அளவு தப்பும்.

சாம்பிளைக் கொதிக்கவைப்பதும் இங்கே வேறு கணக்கு. 2,240 மீட்டரில் தண்ணீர் 93 டிகிரிக்குள் கொதித்துவிடும். வாட்டர் பாத்தை 95க்குத் திருகினால் தண்ணீர் வற்றும், சூடு ஏறாது. டிரை பிளாக்கில் 95 வைத்தால் டியூப் மூடி தெறிக்கும். 90 டிகிரியில் 10 நிமிடம் போதும்.

ஜெல்லில் லேனுக்கு (ஒரு சாம்பிள் ஓடும் வரிசை) 20 முதல் 30 மைக்ரோகிராம் புரதம், 12 அல்லது 15 சதவீத ஜெல். மெம்பிரேன் 0.2 மைக்ரான் வாங்குங்கள், 0.45இல் இவ்வளவு சிறிய புரதம் ஊடுருவிப் போய்விடலாம். 5 சதவீதப் பால்பவுடரில் ஒரு மணி நேரம் பிளாக் செய்து (மெம்பிரேனின் வெற்றிடங்களை மூடி), 10 மில்லி டிபிஎஸ்டியில் 10 மைக்ரோலிட்டர் ஆன்டிபாடி கலந்து, 4 டிகிரியில் இரவு முழுக்க ஆட்டுங்கள். குளிர்தானே என்று மேசையிலேயே விடாதீர்கள்: ஹீட்டர் போட்டால் ஒரு சூடு, அணைத்தால் ஒரு சூடு, நாளைய பிளாட் இன்றையதோடு ஒத்துப்போகாது. காலையில் மூன்று முறை கழுவி, எச்ஆர்பி (பட்டையைத் தெரியவைக்கும் நொதி) இணைத்த, முயல் ஆன்டிபாடியைப் பிடிக்கும் இரண்டாம் ஆன்டிபாடியை 1:5000 வீதத்தில், 25 டிகிரி இன்குபேட்டரில் ஒரு மணி நேரம். இந்தக் கரைசலில் சோடியம் அசைடு (கெடாமல் காக்கும் பொருள்) கலக்கக் கூடாது, எச்ஆர்பி செத்துவிடும்.

இம்யூனோபிரெசிபிடேஷன் (ஆன்டிபாடியால் புரதத்தைப் பிடித்துப் பிரித்தெடுப்பது) செய்தவர்கள் 25 கிலோடால்டனில் தடித்த பட்டையைப் பார்த்து மகிழ வேண்டாம். ஆன்டிபாடியின் சிறிய சங்கிலியான லைட் செயினும் அங்கேதான் விழும். பெரிய சங்கிலியான ஹெவி செயினை மட்டும் பிடிக்கும் இரண்டாம் ஆன்டிபாடி எடுங்கள்.

பாலிகுளோனல் லாட்டுக்கு லாட் மாறும். புது லாட் வந்ததும் பழையதோடு ஒரே மெம்பிரேனில் ஓட்டி, லாட் எண்ணை நோட்டில் எழுதுங்கள். 50 சதவீத கிளிசராலில் வந்த ஆன்டிபாடி மைனஸ் 20இல் உறையாது. கிளிசரால் இல்லாததைச் சிறு டியூப்களாகப் பிரித்து வையுங்கள். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் பிரீசர் கதவைத் திறக்காதீர்கள்.