சொந்தக்கார மேஸ்திரியிடம் வீட்டு மராமத்தைக் கொடுப்பது எப்படி? முதல் தடவை செய்கிறவர்களுக்குப் படிப்படியாக

அம்மா இருக்கும் வீடு திண்டுக்கல் பக்கத்தில் 1996-ல் கட்டியது. மொட்டை மாடியில் தட்டோட்டு இணைப்புகள் விட்டுப்போய், நல்ல மழை பெய்தால் கூடத்தில் சொட்டும். குளியலறையை ஒட்டிய சுவரில் ஓதம் ஏறி, இடுப்பு உயரத்துக்குப் பூச்சு பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. மராமத்து பார்த்துவிடலாம் என்று நான் பேச்செடுத்ததும் அம்மா கேட்டது, "உன் மாமன் இருக்கும்போது வெளி ஆளை ஏன் தேடுற?" அம்மாவின் தம்பி இருபத்தைந்து வருஷமாக மேஸ்திரி. நான் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறேன், தினமும் போய்ப் பார்க்க முடியாது. நம்பிக்கையான ஆள் வேண்டும், மாமாவை விட நம்பிக்கையான ஆள் யார்?

வேலை நல்லபடியாகவே முடிந்தது. ஆனால் நடுவில் இரண்டு மாதம் அம்மாவும் மாமாவும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. "நம்ம ஆள்தானே" என்று சில விஷயங்களைப் பேசாமலே விட்டோம், அவ்வளவுதான். மச்சான், சித்தப்பா, பெரியப்பா மகன் என்று யாரிடமாவது வீட்டு வேலையைக் கொடுக்க யோசிக்கிறவர்களுக்காக, நாங்கள் செய்ததையும் செய்யத் தவறியதையும் சேர்த்து எழுதுகிறேன்.

படி 1: அவருக்கு எந்த வேலை வரும் என்று பாருங்கள்

மேஸ்திரி என்றால் எல்லா வேலையும் தெரியும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். கொத்து வேலை வேறு, டைல்ஸ் வேறு, பிளம்பிங் வேறு, வயரிங் முற்றிலும் வேறு. அவர் கடைசியாக முடித்த இரண்டு வீடுகளுக்குப் போய்ப் பாருங்கள். "சும்மா டிசைன் பார்க்கணும் மாமா" என்றால் சந்தோஷமாகக் கூட்டிக்கொண்டு போவார். போன இடத்தில் மூன்று காரியம் செய்யுங்கள். பூசிய சுவர்மேல் நீளமான மட்டப்பலகையை வைத்துப் பார்த்தால் பள்ளம் மேடு தெரிந்துவிடும். தரை டைல்ஸை ஒரு நாணயத்தால் தட்டினால் அடியில் கலவை பிடிக்காத இடத்தில் வெற்றுச் சத்தம் கேட்கும். குளியலறையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, அது தானாக வடிகாலுக்கு ஓடுகிறதா, மூலையில் தேங்குகிறதா என்று கவனியுங்கள். வாட்டம் (தரையின் சரிவு) சரியாகக் கொடுத்திருந்தால் தள்ளிவிட வேண்டிய அவசியமே இருக்காது. அந்த வீட்டுக்காரரிடமும் ஐந்து நிமிஷம் பேசுங்கள், சொன்ன தேதிக்கு முடித்தாரா என்று மட்டும் கேட்டால் போதும்.

எங்கள் மாமாவுக்குப் பூச்சும் மொட்டை மாடி வேலையும் கைவந்த கலை. வயரிங்கையும் தன்னோடு வரும் பையனே பார்த்துவிடுவான் என்றார். அதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளாமல் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைத் தனியாகக் கூப்பிட்டேன். மாமாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான், இரண்டு நாளில் சரியாகிவிட்டது. பழைய வீட்டில் லைட்டுக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஹீட்டர் ஏசிக்கு 4 சதுர மில்லிமீட்டர் வயர் என்று பிரித்துப் போடுவதும், ஷாக் அடித்தால் உடனே கரண்ட்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வைப்பதும் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். சொந்தம் என்பதற்காக அதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இன்னொன்றும் இந்தப் படியிலேயே யோசிக்க வேண்டும். அவரிடம் "இது சரியில்லை, மாற்றுங்கள்" என்று உங்களால் வாய்விட்டுச் சொல்ல முடியுமா? முடியாது என்று தோன்றினால் வேலையை வெளி ஆளிடம் கொடுத்துவிட்டு, சொந்தக்காரரை ஆலோசனைக்கு மட்டும் கூப்பிடுங்கள். உறவும் நிற்கும், வீடும் நிற்கும்.

படி 2: வேலையை அறை அறையாக நோட்டில் எழுதுங்கள்

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். மாமாவைக் கூட வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு அறைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். "குளியலறை: பழைய டைல்ஸ் உடைப்பது, பைப் மாற்றுவது, நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கோட்டிங், சுவரில் 7 அடி உயரம் டைல்ஸ், தரைக்கு வழுக்காத டைல்ஸ்." இப்படி. எது செய்யப் போவதில்லை என்பதையும் எழுதுங்கள். உடைத்த கழிவை அள்ளுவது யார் பொறுப்பு என்று நாங்கள் எழுதவில்லை, அந்தக் குவியல் மூன்று வாரம் வாசலில் கிடந்தது. கடைசியில் டிராக்டர் வாடகையை நான் கொடுத்தேன். முதலிலேயே பேசியிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும்.

பெயின்ட், டைல்ஸ், பூச்சு என்பதோடு நின்றால் கவலையில்லை. மாடியில் புதிதாக அறை எடுப்பதாக இருந்தால் ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி எதுவோ அங்கே அனுமதி வாங்கிவிட்டுத் தொடங்குங்கள்.

படி 3: கூலியை முதல் நாளே பேசுங்கள்

பலரும் சறுக்குவது இங்கேதான், நாங்களும் இங்கேதான் சறுக்கினோம். கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு மாமா, "நமக்குள்ள என்ன பாப்பா கணக்கு, பார்த்துக் குடு" என்றார். அந்த வார்த்தையில் அவ்வளவு பாசம் இருந்ததால் நானும் தலையாட்டிவிட்டேன். இரண்டாவது வாரம் நான் பார்த்துக் கொடுத்தது அவர் மனதில் வைத்திருந்ததைவிடக் குறைவு. அவர் வாய் திறந்து சொல்லவில்லை, முகம் மட்டும் மாறியது. அத்தை அம்மாவிடம் சொல்லி, அம்மா என்னிடம் சொல்லி, விஷயம் மூன்று வாய் மாறி வந்து சேர்ந்தபோது, மாமாவின் உழைப்பை நாங்கள் மலிவாக எடுத்துக்கொண்டோம் என்று ஆகியிருந்தது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். அவரிடம் பேசுவதற்கு முன்பே வெளியில் இரண்டு மேஸ்திரிகளிடம் இதே வேலைக்கு ரேட் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் சொந்தக்காரரிடம், "ஊரில் இந்த ரேட் போகிறது மாமா, அதையே உங்களுக்கும் தருகிறேன், கூடக் குறைய இருந்தால் இப்பவே சொல்லுங்கள்" என்று நேராகச் சொல்லுங்கள். சொந்தம் என்று தள்ளுபடி கேட்காதீர்கள். அவர் வீட்டிலும் சனிக்கிழமை மளிகை வாங்க வேண்டும். கூலியைப் பேசுவது அவருடைய தொழிலுக்கு நாம் கொடுக்கும் மரியாதை, அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கூலி முறை மூன்று உண்டு: நாள் கூலி, சதுர அடிக் கணக்கு, மொத்தமாகப் பேசுவது. புது வீட்டுக்கு மொத்தமாகப் பேசலாம். பழைய வீட்டில் சுவரை உடைத்தால் உள்ளே என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது, மொத்தமாகப் பேசினால் இரண்டு பேரில் ஒருவருக்கு நிச்சயம் நஷ்டம் வரும். உடைக்கும் வேலைக்கும் ஒட்டுப்போடும் வேலைக்கும் நாள் கூலி, பூச்சுக்கும் டைல்ஸுக்கும் சதுர அடி என்று பிரித்துக்கொள்வதுதான் எங்களுக்குச் சரிப்பட்டது. கொத்தனார், அவருக்கு உதவும் நிமிந்தாள், சித்தாள் ஒவ்வொருவருக்கும் கூலி எவ்வளவு, டீ செலவு யாருடையது, மாமாவே கரண்டி பிடிக்கும் நாளில் அவருக்குக் கொத்தனார் கூலியா மேஸ்திரி கூலியா என்பது வரை பேசிவிடுங்கள்.

படி 4: பணத்தை மூன்று கணக்காக வையுங்கள்

கூலி ஒரு பக்கம், பொருள் ஒரு பக்கம், கைமாற்று ஒரு பக்கம். இந்த மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். வேலை நடுவில் மாமாவின் மகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டி வந்தது, 15,000 கேட்டார். கொடுத்தேன், கொடுக்காமல் எப்படி இருப்பது? ஆனால் அதைக் கூலியில் அட்வான்ஸாகப் போடாமல் கைமாற்று என்று தனியாக எழுதி, அவரிடமும் காட்டினேன். கூலியில் கழித்திருந்தால் அடுத்த இரண்டு வாரம் அவர் கைக்கு ஒன்றும் வந்திருக்காது, வேலையிலும் மனம் நின்றிருக்காது.

கூலியைச் சனிக்கிழமை சாயங்காலம் கொடுத்துவிடுங்கள். ஆட்கள் உங்களுக்குச் சொந்தமில்லை, அவர்களுக்கு மாமாதான் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் ஒரு நாள் தள்ளினால் அவர் தன் கையிலிருந்து போட்டுக் கொடுப்பார், உங்களிடம் கேட்கவும் மாட்டார். ஜிபேயில் அனுப்பினால் குறிப்பில் "பூச்சு, 2-வது வாரம்" என்பது போல ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள், கடைசியில் கணக்குப் பார்க்க அதுவே போதும்.

படி 5: பொருளை நீங்களே அளந்து, நீங்களே வாங்குங்கள்

கடைக்கு மாமாவோடு சேர்ந்து போங்கள், பில் உங்கள் பெயரில் இருக்கட்டும். சந்தேகத்தினால் சொல்லவில்லை. பில் உங்களிடம் இருந்தால் பொருள் கணக்கில் அவர்மேல் யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது.

டைல்ஸ் அளவை உதாரணத்துக்கு எங்கள் குளியலறையை வைத்தே சொல்கிறேன். நீளம் 7 அடி, அகலம் 5 அடி. நான்கு சுவரையும் சுற்றி வந்தால் 24 அடி, 7 அடி உயரத்துக்குப் பதித்தால் 168 சதுர அடி. கதவு இரண்டரைக்கு ஏழு, அதாவது 17.5 கழித்தால் 150.5. வெட்டும்போது வீணாவதற்குப் பத்து சதவீதம் சேர்த்தால் சுமார் 166 சதுர அடி. ஒரு அடி அகலம், ஒன்றரை அடி நீளமுள்ள டைல்ஸ் என்றால் 111 டைல்ஸ் வரும். தரை 35 சதுர அடி, வீணாவதோடு 39. இதை ஒரே தடவையில் வாங்குங்கள், பெட்டியில் அச்சிட்ட பேட்ச் எண் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். குறைகிறது என்று பிறகு வாங்கப் போனால் நிறம் லேசாக மாறி வரும், சுவரில் அது எப்போதும் கண்ணில் உறுத்தும்.

கல்லை உடைத்துத் தயாரிக்கும் மணலான எம்-சாண்டை யூனிட் கணக்கில் விற்பார்கள், ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. பூச்சுக்கு நைசான பி-சாண்ட் தனியாகக் கேளுங்கள்.

படி 6: தேதியைக் குறியுங்கள், நம் வீடு கடைசிக்குப் போய்விடாமல் பாருங்கள்

மொட்டை மாடி வேலையைப் பங்குனி, சித்திரை, வைகாசியில் முடித்துவிட வேண்டும். எங்கள் வேலை சித்திரையில் தொடங்கியது. மூன்றாவது வாரம் மாமாவுக்கு வேறொரு வீட்டில் கான்கிரீட் போட அவசர அழைப்பு. "அக்கா வீடுதானே, நாலு நாள் பொறுத்துக்குவாங்க" என்று ஆட்களை அங்கே கொண்டுபோனார். நாலு நாள் பதினெட்டு நாளானது. உடைத்துப்போட்ட குளியலறையோடு அம்மா பக்கத்து வீட்டுக்குக் குளிக்கப் போய்வந்தார். அந்தப் பதினெட்டு நாளை நினைத்தால் எனக்கு இன்னமும் மனம் கனக்கிறது. பேச்சு நின்ற இரண்டு மாதம் தொடங்கியதும் அப்போதுதான். மாமாமேல் முழுத் தவறும் இல்லை, வெளி வீட்டுக்காரர் கத்துவார், அக்கா கத்தமாட்டார் என்று அவருக்குத் தெரியும். எல்லாத் தொழில்காரர்களும் சொந்த வீட்டைத்தான் கடைசியில் பார்ப்பார்கள்.

தொடங்கும்போதே, "குளியலறையை உடைத்த பிறகு அது முடியும்வரை ஆள் வேறு எங்கேயும் போகக்கூடாது" என்று ஒரு நிபந்தனை சொல்லுங்கள். மற்ற அறைகளில் அவர் வசதிக்கு விட்டுக்கொடுக்கலாம். ஒரே குளியலறை உள்ள வீட்டில் இதை மட்டும் விடவே கூடாது.

படி 7: சொல்வது ஒரு வாயாக இருக்கட்டும்

அம்மா ஒன்று சொல்வார், அண்ணன் போனில் ஒன்று சொல்வார், பார்க்க வந்த பெரியம்மா ஒன்று சொல்வார். அக்கா கேட்டால் தம்பி மறுக்கமாட்டார். அப்படித்தான் சமையல் மேடைக்கு மேலே நோட்டில் இல்லாத இரண்டு அலமாரி முளைத்தது. மாற்றம் எதுவானாலும் என்னிடம் சொல்லி, செலவை எழுதிய பிறகுதான் செய்வது என்று அதற்கப்புறம் வைத்துக்கொண்டோம். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மாமா போட்டோ அனுப்புவார், பத்து நிமிஷம் பேசுவோம். தூரத்தில் இருக்கிறவர்களுக்கு இந்தப் பத்து நிமிஷம் போதும்.

படி 8: தவறு கண்ணில் பட்டால்

எங்கள் குளியலறையில் ஒரு மூலையில் தண்ணீர் நின்றது. ஆட்கள் முன்னால் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் போன பிறகு மாமாவைக் கூப்பிட்டு ஒரு வாளி தண்ணீரை ஊற்றிக் காட்டினேன். அவரே உட்கார்ந்து பார்த்துவிட்டு, "வாட்டம் பத்தலை, நாளைக்கு அந்த ஆறு டைல்ஸை எடுத்துடறேன்" என்றார். பொருள் என் செலவு, கூலி அவருடையது என்று பேசிக்கொண்டோம். வாயால் குறை சொல்வதைவிடத் தண்ணீர் காட்டிக்கொடுப்பது இரண்டு பேருக்குமே சுலபம்.

டைல்ஸ் போடுவதற்கு முன்பே பார்க்க வேண்டியதும் உண்டு. நீர்த்தடுப்புப் பூச்சு காய்ந்ததும் வடிகாலை அடைத்துத் தண்ணீர் கட்டி, சுவரில் மட்டத்தைக் குறித்துவிட்டு, 24 மணி நேரம் விடுங்கள். மட்டம் சட்டென்று இறங்கினாலோ வெளிச்சுவரில் ஈரம் தெரிந்தாலோ டைல்ஸ் வேலையை நிறுத்திவிட்டுக் கசிவைத் தேடுங்கள். சிமெண்ட் பூச்சுக்குக் குறைந்தது ஏழு நாள் தண்ணீர் விட வேண்டும், கோடையில் ஒரு நாளைக்கு மூன்று தடவை. இதை ஆட்கள்மேல் போடாதீர்கள், வீட்டில் இருக்கிறவர்கள் பொறுப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 9: அவருடைய பாதுகாப்பு

சாரத்தில் ஏறுகிறவர் உங்கள் மாமா. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் 1994-ல் தொடங்கியது. 18 முதல் 60 வயது வரை பதிவு செய்யலாம், விபத்துக்கு உதவித்தொகை, பிள்ளைகள் படிப்புக்கு உதவி, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் எல்லாம் உண்டு. மாமாவின் வாரிய அட்டை புதுப்பிக்காமல் கிடந்தது. இரண்டு சித்தாள்களுக்கு அட்டையே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லோருக்கும் ஆன்லைனில் விண்ணப்பித்தேன். உங்கள் வீட்டு வேலை தொடங்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

படி 10: கணக்கு முடிப்பது

வேலை முடிந்ததும் நோட்டைத் திறந்து இரண்டு பேரும் சேர்ந்து கூட்டிப் பார்த்து, பாக்கியைக் கொடுத்துவிடுங்கள். வேட்டி, சேலை, விருந்து எல்லாம் செய்யுங்கள், ஆனால் அதைக் கூலிக்கு ஈடாக நினைக்க வேண்டாம். மொட்டை மாடிக்கு மட்டும் 5,000 ரூபாயை மழைக்காலம் முடிந்த பிறகு தருவதாக முதலிலேயே பேசி வைத்திருந்தோம். வெளி ஆளிடம் கேட்பதுதான், மாமாவும் முகம் சுளிக்கவில்லை.

கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் பெய்தது. இரண்டாம் நாள் காலையில் நான் கூப்பிடாமலே மாமா குடையோடு வந்து, கைப்பிடிச் சுவர் ஓரமெல்லாம் தடவிப் பார்த்துவிட்டு, கீழே கூடத்தில் அண்ணாந்து நின்றாராம். சொட்டவில்லை. அம்மா அவருக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு எனக்குப் போன் செய்தார். பணத்தை அப்போதே அனுப்பிவிட்டேன்.