மண்சுவர் வீடுகளைப் படத்திலும் எழுத்திலும் பதிந்து வைத்தல்

யாழ்ப்பாணத்துப் பழைய வளவுகளில் நடுமுற்றத்தைச் சுற்றிக் கட்டிய நாற்சார் வீட்டைப் படம் எடுப்பவர்கள் பலர். அதன் பின்புறம் கிடுகுக் கூரையின் கீழ் நிற்கும் மண்சுவர்க் குசினியை எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. முதலில் கரைந்து போவது அதுதான் என்பதால் வேலையை அங்கிருந்தே தொடங்குங்கள்.

மாரிமழை ஓய்ந்த பின், தை அல்லது மாசியில் ஒரு காலைப் பொழுதைத் தேர்ந்துகொள்வது நல்லது. வெயில் சுவரில் சாய்வாக விழும் அந்நேரத்தில், உச்சிப்பொழுதில் கண்ணுக்குப் படாத வெடிப்புகளும், எப்போதோ மெழுகிய கையின் விரல் தடங்களும் நிழல் கட்டித் தெரியும். நான்கு புறத்தையும் நேர்நின்று எடுத்த பின், சுவரடியை ஒரு முழ உயரத்துக்குத் தனியாக எடுக்க வேண்டும். தூவானம் அரித்த இடமும் உப்புப் பூத்த இடமும் கறையான் ஏறிய தடமும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அடிமட்டம் ஒன்றைச் சுவரோடு சேர்த்து வைத்து எடுத்தால், வெடிப்பு அடுத்த ஆண்டு வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிடலாம்.

எந்த ஆண்டு கட்டியது என்று கேட்டால் விடை வருவது அரிது. 1964 புயலுக்கு முந்தியதோ பிந்தியதோ, 1995 போர் இடப்பெயர்வின்போது கூரை இருந்ததோ என்று கேட்டுப் பாருங்கள். அம்மம்மாமார் கிடுகு வேய்ந்தவரின் பெயர் வரை சொல்லத் தொடங்குவார்கள். சம்மதம் பெற்று அதை ஒலிப்பதிவு செய்து, காணி உறுதியோடு ஒத்துப் பார்க்க வேண்டும். ஆனால் உறுதியின் திகதி காணி கைமாறிய நாளைத்தான் காட்டும். அதையே வீட்டின் வயதாக எழுதிவிடக் கூடாது.

திருத்த வேலைக்கு முன்னும் பின்னும் அதே இடத்தில் நின்று படம் எடுங்கள். சீமெந்தை மட்டும் கிட்ட விடாதீர்கள். எங்கள் குசினிச் சுவருக்கு நாங்களே ஆசையாகச் சீமெந்து பூசினோம். உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் மண் இளகி, மூன்றாம் மாரியில் பூச்சுப் பாளம்பாளமாகக் கழன்றபோது சுவரின் மண்ணும் அதோடு சேர்ந்து வந்தது. அரித்த இடத்தை லேசாக நனைத்து, அதே வளவு மண்ணை வைக்கோலோடு குழைத்து அப்பி, மழைநீர் சுவரில் தெறிக்காதபடி தாழ்வாரத்தை நீட்டிவிடுவதே ஏற்றது.

கோப்புகளுக்கு ஊர், திசை, திகதி என்ற ஒழுங்கில் பெயரிடுங்கள். ஒரேயொரு பிரதியை நம்பக் கூடாது என்பதை 1981 இல் பொது நூலகத்தைத் தீயில் பறிகொடுத்த ஊருக்கு விளக்கத் தேவையில்லை. ஒரு பிரதியை வீட்டுக்காரரிடம் கொடுத்து, இன்னொன்றைச் சேர்ப்பது பற்றி, ஈழத்து ஆவணங்களை இணையத்தில் திரட்டிவரும் நூலக நிறுவனத்திடம் கேட்டுப் பாருங்கள்.