பூட்டன் பேர் தேடுகிறவருக்கு ஒரு கையேடு

யாழ்ப்பாணத்துப் பூட்டன் பேரைத் தேடுகிறவர்களுக்கு நீங்கள் செய்யும் இணையக் கையேட்டின் முதல் பக்கத்தில் யாழ்ப்பாணச் சரித்திரம் வேண்டாம். ரொறொன்ரோவிலிருந்து கைபேசியில் பார்க்கிறவரிடம் ஒரே கேள்வி: உங்கள் கையில் என்ன இருக்கிறது? கீழே பெரிய பொத்தான்கள்: பிறப்பு அத்தாட்சி, காணி உறுதி (நிலப் பத்திரம்), கல்வெட்டு. (31ஆம் நாள் நினைவு மலரைத்தான் சொல்கிறேன், நூலகம் என்ற ஈழத்து எண்ணிம ஆவணக இணையத்தளத்திலும் பல உண்டு.)

உறுதிக்குத் தாராளமாக இடம் கொடுங்கள். மாதிரி ஒன்றைப் படமாகப் போட்டு, சீதனம், முதுசம் (பரம்பரைச் சொத்து) என்ற சொற்களுக்கு நிறம் தீட்டுங்கள். சீதன உறுதியென்றால் பெண்ணின் பெற்றோர் பெயர் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். உறுதியில் எல்லையாகக் குறித்திருக்கும் பக்கத்துக் காணிக்காரரையும் விடவேண்டாம், பங்கு பிரித்த சகோதரம் பக்கத்து வளவில்தானே இருக்கும்!

அப்புறம் தேடற்பெட்டி. கந்தையா என்று தட்டினால் 'க.' என்ற முதலெழுத்துக்காரரும் வரவேண்டும். அந்த 'க.' கந்தையா என்ற தகப்பன் பேராக இருக்கலாம். ஆனால் உயிரோடிருப்பவர்களின் பிறந்த திகதியைப் போடவே வேண்டாம்.