நிறையை மாற்றினால் மொத்தமும் மாற வேண்டும்: ஜாவாவில் டேட்டா பைண்டிங்

மச்சானுக்குத் திருகோணமலையில் மீன் வாடி (மீனை வாங்கி விற்கும் கொட்டில்). பாரையும் சூரையும் வந்திறங்கும் நேரம் பில் போட ஒரு சின்ன ஜாவா திரை செய்து கொடுத்தேன். இரண்டாம் நாளே கோல் வந்தது: "நிறையை மாத்திறன், மொத்தம் பழசாவே நிக்குது." பிழை என்னுடையதுதான். விலை மாறும்போது மொத்தத்தைக் கணக்கிட எழுதிய நான், நிறை மாறும்போது கணக்கிட எழுத மறந்துவிட்டேன். இப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனித்தனியே எழுதும் வேலையை ஒழிப்பதுதான் பைண்டிங், அதாவது ஒரு மதிப்பை இன்னொன்றோடு பிணைப்பது.

ஜாவாவில் திரைகள் செய்ய உதவும் நூலகமான ஜாவாஎஃப்எக்ஸில் செய்து பார்ப்போம். 2018இல் வந்த ஜாவா 11இலிருந்து இது ஜேடிகேயோடு (ஜாவா எழுத நாம் நிறுவும் தொகுப்பு) சேர்ந்து வருவதில்லை. நூலகங்களைச் சேர்த்துத் தரும் கருவிகளான மேவன் அல்லது கிரேடிலில் ஓப்பன்ஜேஎஃப்எக்ஸின் (ஜாவாஎஃப்எக்ஸ் இந்தப் பெயரில்தான் கிடைக்கிறது) கன்ட்ரோல்ஸ் பகுதியைத் தனியாகச் சேருங்கள். கீழே வரும் கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தருகிறேன்; கோடில் அவற்றை ஆங்கில எழுத்தில் அடியுங்கள். மாறிகளின் பெயர் தமிழிலேயே இருக்கலாம், ஜாவா ஏற்றுக்கொள்ளும். கோப்பை யூடிஎஃப்-8இல் சேமித்தால் போதும். (ஜாவா 18க்கு முந்தையது என்றால் கம்பைலருக்கும் அதைச் சொல்ல வேண்டிவரலாம்.)

படி 1. நிறை, விலை, மொத்தம் மூன்றையும் வெறும் டபுளாக (தசம எண் வகை) வைக்காமல் சிம்பிள்டபுள்ப்ராபர்ட்டியாக அறிவியுங்கள். வெறும் டபுள் தான் மாறியதை யாருக்கும் சொல்லாது. ப்ராபர்ட்டி சொல்லும்.

படி 2. ஐஸ் பெட்டியின் நிறை ஒன்றரைக் கிலோ என்று வைத்து, அதைக் கழித்துப் பெருக்குங்கள்:

மொத்தம்.பைண்ட்(நிறை.சப்ட்ராக்ட்(1.5).மல்டிப்ளை(விலை))

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். எது எதைப் பின்தொடர்கிறது? எஞ்சின் நின்ற படகை இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து வருவதைக் கடற்கரையில் பார்த்திருப்பீர்கள். பைண்டுக்கு முன்னுள்ள புள்ளியின் இடப்பக்கம் இருப்பது இழுபடும் படகு, பைண்டின் அடைப்புக்குள் இருப்பது இழுக்கும் படகு. இழுபடுவது தன் இஷ்டத்துக்குத் திரும்ப முடியாது. பிணைத்த பிறகு மொத்தம்.செட்(500) என்று எழுதினால், பிணைத்த மதிப்பை மாற்ற முடியாது என்று ரன்டைம் எக்ஸெப்ஷன் (நிரல் ஓடும்போது எழும் பிழை) வரும். கயிற்றை அவிழ்க்க அன்பைண்ட் இருக்கிறது.

படி 3. நிறையை அடிக்கும் பெட்டி, அதாவது டெக்ஸ்ட்ஃபீல்டு, நிறைப்புலம் என்ற பெயரில் இருக்கட்டும். டெக்ஸ்ட்ஃபீல்டில் அடிப்பது நிறைக்குப் போக வேண்டும், நிறை மாறினால் டெக்ஸ்ட்ஃபீல்டிலும் தெரிய வேண்டும். இதற்கு இருவழிப் பிணைப்பு:

நிறைப்புலம்.டெக்ஸ்ட்ப்ராபர்ட்டி().பைண்ட்பைடைரக்ஷனல்(நிறை, நியூ நம்பர்ஸ்ட்ரிங்கன்வெர்ட்டர்())

ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண் என்பதால் நடுவில் கன்வெர்ட்டர். தொடங்கும்போது புலம் நிறையின் மதிப்பை எடுத்துக்கொள்ளும். விலைக்கும் இதே வரிதான்.

படி 4. மொத்தத்தை லேபிளில் காட்ட ஒருவழியே போதும். லேபிளின் டெக்ஸ்ட்ப்ராபர்ட்டியை மொத்தம்.அஸ்ஸ்ட்ரிங்("ரூ. %,.2f") உடன் பைண்ட் செய்யுங்கள். ஆயிரங்களுக்குக் கமா, இரண்டு தசம இடங்கள் என்று அது சொல்கிறது; அந்த எஃப் சிறிய ஆங்கில எழுத்து.

இனி ஓட்டிப் பாருங்கள். நிறை 14, விலை 1400 என்று அடித்தால் ரூ. 17,500.00 வரும். இப்போது நிறையை முழுக்க அழியுங்கள். ரூ. -2,100.00! வெறுமையான புலத்தைக் கன்வெர்ட்டர் நல் (மதிப்பே இல்லை என்பதன் குறி) ஆக்குகிறது, டபுள்ப்ராபர்ட்டி அதைச் சுழியமாக எடுத்துக்கொள்கிறது, அதிலிருந்தும் ஒன்றரைக் கிலோ கழிகிறது. மீனவருக்கு நாம் கடன்காரர் ஆகாமல், அவர் நமக்குக் கடன்காரர் ஆகிவிடுகிறார். புலத்தில் முதலிலேயே எண்ணுக்குப் பதில் எழுத்தை அடித்தாலும் இதே கதைதான், கன்சோலில் ஓர் எச்சரிக்கையும் விழும்.

பெருக்கும் முன், கழித்த நிறை சுழியத்துக்குக் கீழே போகாமல் மறியுங்கள். இரண்டில் பெரியதைத் தருவது மேக்ஸ்:

மொத்தம்.பைண்ட்(பைண்டிங்ஸ்.மேக்ஸ்(நிறை.சப்ட்ராக்ட்(1.5), 0).மல்டிப்ளை(விலை))

மேக்ஸ் திருப்பித் தருவதும் எண் பிணைப்பே என்பதால் அதன் மேல் மல்டிப்ளையைத் தொடரலாம். மறுபடி அழித்துப் பாருங்கள், ரூ. 0.00 காட்டும். இன்னும் கழித்தல் குறி தெரிந்தால், மேக்ஸின் அடைப்பை நிறைக்குப் பின்னாலேயே மூடிவிட்டீர்களா என்று பாருங்கள், 1.5 கழிவது அதற்கு உள்ளே இருக்க வேண்டும்.